பூட்டிய ஸ்டாண்ட்

காலை பத்தே முக்காலுக்கு முதல் காட்சியின் இடைவேளை விட்டபோது யாரும் கேன்டீன் பக்கம் போகவில்லை. எல்லாரும் பைக் ஸ்டாண்டுக்கு வந்தார்கள்.

கடலூரில் அந்தத் தியேட்டரை நடத்தும் சகாய ஆனந்த், ஸ்டாண்ட் கேட்டைப் பூட்டி வைத்திருந்தான். படம் முடிந்த பிறகுதான் திறப்பது அங்கே வழக்கம். கேட்டுக்கு வெளியே அடுத்த காட்சிக்கு வரிசை நின்றது. இரண்டு பாகங்கள் வசூலை அள்ளிய படத்தின் மூன்றாம் பாகம் இது. சமீபத்தில் போட்ட மற்ற படங்களைப் போல இதுவும் ஓடாவிட்டால் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கிவிடுவதென்று அவன் அண்ணன் முடிவு செய்திருந்தார்.

சிதம்பரத்தில் தன் தியேட்டரில் அதே படத்தை ஓட்டும் மச்சான் தைரியராஜ் போனில் சொன்னான்: "தொறந்துடாத மச்சான். இங்க இப்பதான் தொறந்தேன். பாதியில போறவுங்களப் பாத்து வரிசையே கலைஞ்சி போச்சி."

ரசிகர் மன்றத் தலைவன் அன்பரசு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பனியனில் கதாநாயகனின் முகம் இருந்தது.

"நீயுமாடா?" என்றான் ஆனந்த்.

"ஹீரோ எங்கண்ணே? ஒன்றரை மணி நேரமா அடுத்த பாகத்துக்குத்தான் கதை சொல்றானுங்க. நான் அடுத்த பாகத்துக்கே வந்துக்கிறேன்."

"மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்."

"அப்ப தொறண்ணே."

பின்னால் ஹாரன்கள் அலறின. யாரோ கேட்டை உதைத்தார்கள். ஆனந்த் சாவியை எடுத்துத் திறந்தான்.

முதல் பைக் வெளியேறியதும், வரிசையின் முன்னால் குழந்தையோடு நின்ற பெண் அவனைப் பார்த்துக் கேட்டாள்:

"படம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சாண்ணா?"