பேச்சி சொன்ன சாட்சி

கொல்லத்திலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சல் என்று காலையில் செய்தி அனுப்பிவிட்டார். காதுகேளாதோர் சங்கத் தலைவர் யூசுப் வேறு வழியில்லாமல்தான் கௌசல்யாவைக் கூப்பிட்டார். இன்றைக்கு மட்டும் என்று கைகளால் சொன்னபோது அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் எங்கேயும் பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவர்தான் இந்திய சைகை மொழியைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும், வீட்டு ஆட்கள் கூடாது என்று அரசுக்கு மனு கொடுக்கத்தான் அன்றைய கூட்டமே.

கௌசல்யாவின் அப்பா இசக்கிப்பாண்டி, அம்மா பேச்சி இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்காக மலையாளம் பேசும் இந்த ஊருக்கு வந்தவர்கள். ஆறு வயதிலிருந்து அவர்களுக்காகக் கேட்டதும் பேசியதும் இவள்தான். ரேஷன் கடை, வாடகை வீட்டுக்காரர், பள்ளியில் தன்னைப் பற்றியே வந்த புகார், எல்லாமே இவள் வழியாகத்தான் போயின. இப்போது கழக்கூட்டம் என்ற ஊரிலுள்ள ஒரு பெண்கள் ஹாஸ்டலில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அப்பா போன வருஷம் இறந்துவிட்டார்.

தம்பானூரில் ஒரு மாடி ஹாலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். அரசுத் தரப்பிலிருந்து சேஷன் என்ற அதிகாரி வந்திருந்தார். கௌசல்யாவின் பேச்சைக் கேட்டதும், "தமிழா? அப்போ எங்கிட்ட தமிழ்லயே சொல்லுங்கோ, அது மதி, போதும்" என்றார்.

பாதிக் கூட்டத்தில் அவர் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். "இவாளுக்கெல்லாம் ஆத்துல பிள்ளைகள் இருக்காளே. சொந்த மனுஷாளை விட யார் நன்னாச் சொல்லப்போறா?"

கௌசல்யா அதைச் சைகையில் சொன்னாள். பிறகு மூன்றாவது வரிசையில் பேச்சி எழுந்தாள். அம்மா பேசுவாள் என்று கௌசல்யா நினைக்கவேயில்லை. பெயர்த்துச் சொல்பவர், பேசுபவரின் இடத்தில் நின்று 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அம்மாவின் கைகளைப் பார்த்துக் கௌசல்யா குரல் கொடுத்தாள்.

"எம் பேரு பேச்சி. ஹோட்டல்ல பாத்திரம் கழுவுதேன். எம் புருசனுக்கு வயித்துல நோவு. ஆஸ்பத்திரிக்கு எங்க மகதான் கூட வந்தா. புண்ணுதான், ஆறிரும்னு சொன்னா..."

அம்மாவின் கைகள் நிற்கவில்லை. கௌசல்யாவின் குரல்தான் நின்றது.

"என்ன சொல்றா?" என்றார் சேஷன்.

மகள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டால் சைகை தெரியாத சேஷனுக்கும் காது கேட்காத மற்றவர்களுக்கும் அது தெரியப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான். புற்று, முற்றிப்போச்சு, ஆறு மாசம் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். அப்பா இவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு நேரே வேறெதுவும் சொல்ல முடியாமல் புண் என்று சொல்லிவிட்டாள்.

அம்மாவின் கைகள் சொன்னதை அப்படியே தொடர்ந்தாள்.

"அது புத்துநோய். டாக்டர் சொன்னத எங்க மக மறைச்சிட்டா. அவரு போனப்புறம் ஆஸ்பத்திரிச் சீட்டப் படிச்சு யூசுப்தான் எங்கிட்ட சொன்னாரு. அந்த மனுசன் நாலு மாசம் மண்ணு சொமந்தாரு. தெரிஞ்சிருந்தா வேலைய விட்டுட்டு எங்கூட இருந்திருப்பாரு. பாசத்துலதான் செஞ்சா. ஆனா அது அவரு உசுரு. அவருக்குத்தான மொதல்ல தெரியணும்?"

சேஷன் எழுதுவதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு இப்போ எங்கே இருக்கா?"

"நான்தான் சாரே."

கேள்வியையும் பதிலையும் அம்மாவுக்கும் சைகையில் சொன்னாள். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. மனுவுக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. பேச்சியின் கையும் உயர்ந்தது.

பஸ் ஸ்டாப்பில் பேச்சி கேட்டாள்.

"நான் சொன்னதை எல்லாம் அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

எட்டு மாதமாகியும் மனு பரிசீலனையில் இருப்பதாகத்தான் பதில் வந்தது. மழைக்காலத்தில் பேச்சிக்கு மூச்சு இரைத்தது. யூசுப் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் பெண்ணுக்கு அன்று கோர்ட்டில் வேலை. மறுபடியும் கௌசல்யாதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, ஒரு வாரம் படுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். கௌசல்யா ஒரு சொல் விடாமல் சொன்னாள். பேச்சி அவள் கைகளைப் பார்க்கவில்லை; டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எழுதித் தரச் சொல்லு. யூசுப்கிட்ட காட்டணும்."

பேச்சிக்கு எழுத்து தெரியாது. கௌசல்யா டாக்டரிடம் கேட்டாள். அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பேச்சி நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.