வெல்டரின் ஏப்பம்

ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்கள் தங்கும் எங்கள் கட்டடத்தில், நாலாம் மாடி வெல்டர் மூன்று வருஷமாக ஒரு பருக்கைகூட வாயில் போடாமல் பதினோரு கிலோ ஏறினார். ஆரம்பித்தது ஒரு பொய்யில். வேலை முடிந்து வந்த அலுப்பில் அடுப்புப் பக்கமே போகாமல் படுத்திருந்தவரிடம், ஊரிலிருந்து பெண்டாட்டி போனில் வழக்கம்போல் "சாப்டீங்களா?" என்றாள். "ஆச்சு, கோழிக் குழம்பு" என்றார். சொல்லி வாயை மூடவில்லை, ஏப்பம் வந்தது; மசாலா வாசனையோடு. அதோடு சரி, தினமும் போனில் ஒரு பொய், வயிறு நிறைந்தது; மனுஷன் சட்டியைத் தொடவில்லை. அறையில் கூட இருந்த மூன்று பேரும் முறைபோட்டு வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்க, இவர் கட்டிலில் கிடந்து பல் குத்துவார். அவர்களும் தங்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பொய் சொல்லிப் பார்த்தார்கள். வயிறு காய்ந்ததுதான் மிச்சம். "அதுக்கெல்லாம் முகராசி வேணும் மாப்ள" என்றார் வெல்டர். முகராசியாவது ஒன்றாவது. மற்றவர் பெண்டாட்டிகள் கேட்பதோடு சரி, பதிலைக் காதில் வாங்குவதில்லை; இவள் நம்பினாள். இது என் கணிப்பு.

வினை தொப்பை வழியாக வந்தது. வீடியோவில் இவர் கழுத்து காணாமல் போன அன்று, "யாரு ஆக்கிப் போடுறா?" என்றாள்.

"யாருமில்லடி, நானேதான்."

"உங்களுக்கு வெந்நி வைக்கவே தெரியாதே."

நானும் மாடி மாடியாக விசாரித்துவிட்டேன், அப்படி ஆக்கிப்போட ஒருத்தி இல்லை. ஆனால் அவள் நம்பிக்கை போயிற்று. மறுநாள் கறி என்றார், முட்டை என்றார், ஏப்பம் வரவில்லை. அவளும் போனை மாமியார் கையில் திணித்துவிட்டு நகர ஆரம்பித்தாள். கூட்டாளிகள் போட்ட சோறோ தொண்டையில் இறங்கவில்லை. மூன்று வருஷம் சும்மா கிடந்த தொண்டை. பதினெட்டே நாளில் பேன்ட் கயிற்றில் நின்றது. வெல்டிங் கோணலாகப் போக, இன்னும் ஒரு வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார் மேஸ்திரி.

பத்தொன்பதாம் நாள் தன் அம்மாவிடம் கெஞ்சி, போனை அவளிடம் கொடுக்கவைத்தார். "சாப்பிடலடி. மூணு வருஷமாவே சாப்பிடல" என்று எல்லாவற்றையும் கொட்டினார். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். "கையக் கழுவிட்டு உக்காருங்க. மீன்தான் இருக்கு, முள்ளு பாத்து." அவள் அங்கே கரண்டியால் போடப் போட, இங்கே தட்டு நிறைந்தது.

இப்போது தினமும் அப்படித்தான். அவள் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே ஆக்குகிறாள். கட்டடத்தில் இதை யாரும் பேசுவதுகூட இல்லை. மாசம் ஒருமுறை நாலாம் மாடிக் குழாய் அடைத்துக்கொள்ளும்போது மட்டும், குழாய் ரிப்பேர்க்காரர் ஒரு கை முள்ளை வெளியே இழுத்துப் போட்டு, "அந்தம்மாவ முள்ளு கம்மியான மீனா வாங்கச் சொல்லுங்கப்பா" என்றுவிட்டுப் போகிறார்.