சகலை வீட்டு மீன்

செல்வதாஸின் மீன் பதினோராவது நாள் செத்தது. எபிசனின் மீன் மூன்றாவது நாளே தின்னத் தொடங்கிவிட்டது. இரண்டும் கொச்சியிலிருந்து ஒரே நாளில், ஒரே பெட்டிக்குள், அடுத்தடுத்த பைகளில் வந்தவை.

வரவழைத்தது எபிசன். செல்வதாஸின் மனைவி ஜாஸ்மிக்கு ஒரே தங்கை பிரிஜா, அவளைக் கட்டியவன். பன்னிரண்டு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, புதுக்கடையில் டைல்ஸ் கடை போட்டு, வீட்டு ஹாலில் ஆறடி நீளத்துக்குக் கடல்மீன் தொட்டியும் வைத்திருந்தான். உப்பு எவ்வளவு கலக்க வேண்டும், பாறையை எப்படி அடுக்க வேண்டும், முதல் மீனை விடும்முன் எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொடுத்தது செல்வதாஸ்தான். கருங்கலில் அவனுடைய சிறிய வீட்டில் ஆறு வருடமாக நாலடித் தொட்டி ஓடுகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன் அவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்காது. தொட்டியையும் அப்படித்தான் வைத்திருந்தான்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு அண்ணனுக்கு" என்று எபிசன் பையை நீட்டியபோது செல்வதாஸுக்கு மனசு நிறைந்துதான் போனது. உள்ளே வண்ணத்துப்பூச்சி மீன். வெள்ளி உடம்பில் நெட்டாக இறங்கும் ஆரஞ்சுப் பட்டைகள், முதுகுத் துடுப்பில் கண்போல ஒரு கரும்புள்ளி, கொக்கு அலகுபோல நீண்ட வாய். பார்க்கப் பார்க்கத் தீராத அழகு. ஆனால் தொட்டிக்கு வந்தால் பிடிவாதமாகப் பட்டினி கிடந்தே செத்துப்போகும் என்பதால் செல்வதாஸ் இத்தனை வருடம் அதை வாங்கத் துணியவில்லை.

மூன்றாவது நாள் பிரிஜா போன் செய்தாள். "அத்தான், நம்ம மீனு திங்குது!"

"என்ன குடுத்தே?"

"நேத்து சிப்பி வாங்கினோம். ஒண்ண வேவிக்காம, பிளந்து, சிப்பித் தோட்டோட உள்ள இறக்கிப் பாத்தேன். குத்திக் குத்தித் திங்குது, பாக்கணுமே!"

செல்வதாஸ் அன்றுவரை உறைந்த இறால் குஞ்சு, வெளிநாட்டுப் பாக்கெட், பூண்டுச் சாறு எல்லாம் கொடுத்துப் பார்த்திருந்தான். அன்று சாயங்காலமே சிப்பி வாங்கி வந்து பிளந்து இறக்கினான். அவனுடைய மீன் ஒருமுறை வந்து பார்த்தது, திரும்பிப் பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பதினோராவது நாள் காலையில் வடிகட்டி வாயில் ஒட்டிக் கிடந்தது.

"பிரிஜாக்கு கைராசி" என்றாள் ஜாஸ்மி. ஆறுதலாகத்தான் சொன்னாள். செல்வதாஸ் அன்று சாப்பிடாமல் வேலைக்குப் போனான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனை முடிந்ததும் ஏதாவது ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு புதுக்கடைக்கு வண்டியை விட்டான். போகாமல் இருக்க முடியவில்லை. போனால் பார்க்கச் சகிக்கவில்லை. மீனின் வயிறு வாரத்துக்கு வாரம் உருண்டு வந்தது. பிரிஜா கண்ணாடிக்கு அருகே வந்தால் அவள் கையைத் தேடி மேலே ஏறியது. ஹாலில் எப்போதும் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எபிசா, கடலையே வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டியே மக்கா" என்று சபை மூப்பர் ஒருவர் சொன்னபோது எபிசன் சிரித்தான். அண்ணன்தான் எல்லாம் சொல்லித் தந்தார் என்று அவன் எப்போதும் சொல்வது வழக்கம். அன்றும் சொன்னான். ஆனால் மூப்பர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் திரும்பாத பிடரியைச் செல்வதாஸ் பலநாள் நினைத்துப் பொருமினான்.

கருங்கலில் கரண்ட் போனால், எபிசன் வீட்டிலும் போயிருக்கும் என்று முதலில் ஒரு நிம்மதி வரும். அங்கே இன்வெர்ட்டர் இருப்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். தன் மனசு போகிற போக்கைக் கண்டு செல்வதாஸுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது போகத்தான் செய்தது.

ஓணம் விடுமுறை முடிந்த ஒரு சனிக்கிழமை காலை, கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது எபிசன் அழைத்தான்.

"அண்ணே, ஒரு மீனு மேல உப்பு தூவினமாதிரி வெள்ளப் புள்ளி. மீன்கடைக்காரன் ஒரு நீல மருந்து தந்தான். தொட்டில ஊத்தலாமா?"

நீலம் என்றதுமே செல்வதாஸுக்குப் புரிந்துவிட்டது. செம்பு மருந்து. நோய்கண்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, சொட்டுக் கணக்கில் விட வேண்டியது. பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை எல்லாம் சாகும். பாறை அந்தச் செம்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி மீனுக்கோ அது ஆகவே ஆகாது. ஊத்தாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கடைக்காரன் சொன்னா செரியாத்தான இருக்கும்" என்றான் செல்வதாஸ்.

"அப்ப ஊத்திரட்டா?"

"நீ பாத்துச் செய்யி."

போனை வைத்துவிட்டு அடுத்த லென்ஸை எடுத்தான். அது உடைந்தது. இன்னொன்றை எடுத்தான், அளவு பிசகிற்று. நான் ஊற்றச் சொல்லவில்லையே என்று தனக்குள் வாதாடினான். எபிசன் பையை நீட்டியதும், ஒண்ணு அண்ணனுக்கு என்று சொன்னதும் கண்முன் வந்தது. போனை எடுத்து அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். வழியில் வீட்டில் நிறுத்தி, தன் தொட்டி வெள்ளத்தை ஒரு வாளியில் மோந்து மூடி, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பையும் எடுத்துக்கொண்டு புதுக்கடைக்கு விரட்டினான்.

மருந்து ஊற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு இறால்கள் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் கிடந்தன. வண்ணத்துப்பூச்சி மீன் ஒரு மூலையில் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிற்று. எபிசன் ஒன்றும் புரியாமல் மருந்துக் குப்பியில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

செல்வதாஸ் சட்டைக் கையை மடக்கி, மீனைக் கிண்ணத்தால் மெல்ல மோந்து வாளிக்குள் விட்டான். மீதி மீன்களை வேறு உப்பு வெள்ளம் கலக்கி மாற்றச் சொன்னான். பிறகு ஈரக் கையோடு நிமிர்ந்தான்.

"எனக்குத் தெரியும் எபிசா. காலையில நீ கேக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"உன் மீனு நல்லா இருக்கது எனக்குப் பொறுக்கல."

எபிசன் குப்பியை மேஜைமேல் வைத்தான். அவன் கத்தியிருந்தால் செல்வதாஸுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சோபாவில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரிஜாதான் பேசினாள். "அத்தான், அதெல்லாம் பொறவு. இத இப்ப எங்க கொண்டுபோணும், சொல்லுங்க." வாளியை மடியில் அணைத்துக்கொண்டு அவளே வண்டியின் பின்னால் ஏறினாள். கருங்கல் வருகிறவரை வாளிக்குள் காற்றுப் பம்பின் இரைச்சல் கேட்டுக்கொண்டே வந்தது.

செல்வதாஸ் தன் பெரிய தொட்டி வெள்ளத்தைச் சிறிய தனித்தொட்டியில் நிரப்பி மீனை விட்டான். இரண்டு நாள் அது அசையாமல் சாய்ந்து நின்றது. மூன்றாம் நாள் நிமிர்ந்தது. பிரிஜா தினமும் மத்தியானம் பஸ் ஏறி வந்து சிப்பியைப் பிளந்து இறக்குவாள். மீன் வந்து குத்தித் தின்னும். செல்வதாஸ் ஒருநாள் விடுப்பில் இருந்தபோது அடுக்களை வாசலில் நின்று இதைப் பார்த்தான். மீன் பிழைத்ததில் கண் கலங்கிற்று. அது அவள் கைக்கு வருவதைப் பார்த்து வயிறும் எரிந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த நாள் அவனே சிப்பியைப் பிளந்து இறக்கினான். மீன் கிட்டே வரவில்லை. கால்மணி நேரம் நின்றுவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது சிப்பித் தோட்டில் சதையே இல்லை, வழித்துத் துடைத்தாற்போல இருந்தது.

ஜாஸ்மிக்கு நடந்ததெல்லாம் தெரிந்துபோனது. "எனக்கத் தங்கச்சி வீட்டுக்கா இப்பிடிச் செய்திய?" என்று ஒரே ஒருமுறைதான் கேட்டாள். ஒரு வாரம் அவன் தட்டில் சோற்றைப் போட்டாளே தவிர பேசவில்லை.

எபிசன் பாறையெல்லாம் எடுத்து வெளியே போட்டு, புதுப் பாறை வாங்கி, தொட்டியை முதலிலிருந்து கட்டினான். மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அவன் செல்வதாஸை எதுவும் கேட்கவில்லை. முன்பு உப்பு அளக்கும் கருவியில் ஒரு கோடு கூடினாலே போன் வரும். கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் எபிசனின் பெயர்தானா என்று செல்வதாஸ் பார்ப்பான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மீனைக் கூட்டிப்போக இருவரும் வந்தார்கள். எபிசன் தனித்தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "நல்லா தேறியிருக்கு" என்றான். அவ்வளவுதான்.

"கொண்டுபோனதும் விட்டுராத. பைய மிதக்க வச்சு, ஒரு மணிக்கூர் சொட்டுச் சொட்டா உங்க வெள்ளம் கலக்கணும்" என்றான் செல்வதாஸ், மீனைப் பையில் பிடித்துக் கட்டி நீட்டியபடி.

எபிசன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, அது சரிதானா என்று பிரிஜாவைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் ஆம் என்று தலையசைத்த பிறகுதான் அவன் பையை வாங்கக் கையை நீட்டினான்.