காந்தக் கொக்கி

வாதத்தில் அக்காவுக்கு வலது கை விழுந்துபோனதிலிருந்து அவள் கழுத்தில் ஒன்றும் போடுவதில்லை. ஒற்றைக் கையால் பிடரியில் கொக்கி மாட்ட முடியாது. மாட்டிவிடச் சொல்லி, கூடவே இருக்கிற தங்கையிடம்கூடப் போய் நிற்க மாட்டாள். தங்கை செய்கிற தொழிலே மணிமாலையும் கம்மலும்தான். சமையலறை மேசைதான் பட்டறை. ஊருக்கெல்லாம் மாலை கோத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் ஒரு வெறுங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறுத்தியது.

ஒருநாள் பாலை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவை முழங்கையால் தள்ளினாள். கதவு தானே போய் ஒட்டிக்கொண்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

"பால் பொங்கப் போகுதா, உனக்கு ஐடியா பொங்கப் போகுதா?" என்றான் கணவன்.

ஐடியாதான் பொங்கியது. மாலையின் இரு முனையிலும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம், கிண்ணத்துக்குள் பசையில் பதித்து மிளகு அளவில் ஒரு காந்தம். கிட்டே கொண்டுபோனால் ஒன்றையொன்று பாய்ந்து கவ்வும். அதனால் பசை காயும்வரை ஒன்றை மேசையின் இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் வைத்தாள். வேலை தெரிந்தவள் செய்கிற காரியம். அதுதான் வினையாகிப் போனது.

கணவனிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மேசைமேல் எட்டி ஜன்னலைச் சாத்தி, துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தபோது கணவன் கண் போனில் இருந்தது. கிண்ணங்கள் இரண்டும் காலி. மூன்று வயதுச் சுண்டு நாற்காலியில் உட்கார்ந்து நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்கிட்டேன். கசக்குது."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மா நீங்க, என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அவளைத்தான் கேட்டார். பெற்றவர்கள் இரண்டு பேர் நிற்க, கேள்வி மட்டும் ஒருத்திக்கு. பதில் சொல்ல நாக்குத் துருதுருத்தது. பிள்ளையின் வயிற்றைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

எக்ஸ்ரே அறையில் பிள்ளையை அவன் பிடித்துக்கொண்டான். அவள் கதவுக்கு வெளியே நின்றாள். படத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. ஒன்றென்றால் மலத்தோடு போய்விடும், இரண்டு நாள் கழித்து மறுபடி படம் எடுப்போம் என்றார் டாக்டர். இரண்டாவதும் உள்ளே போனால், நடுவில் குடலை வைத்துக்கொண்டு இரண்டும் இழுக்கும், கவ்வும், ஓட்டை போடும்.

"இன்னொண்ணு உங்க வீட்டுலதான் இருக்கு. அவ கைக்குக் கிடைக்கிறதுக்குள்ள நீங்க பிடிங்க. இரும்பு எதுவும் அவ வயித்துக்கிட்ட வரவே கூடாது."

கணவன் அங்கேயே பெல்ட்டைக் கழற்றினான். அவள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆட்டோவில் ஏறி, மடியைவிட்டு இறக்காமலே வீடு வந்து சேர்ந்தாள்.

பிள்ளையை அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு வீட்டையே புரட்டினார்கள். மெத்தையை உதறினார்கள், செருப்பைக் கவிழ்த்தார்கள், கழுவுதொட்டியின் குழாயைக் கழற்றினார்கள். நேற்றுவரை வீடாக இருந்தது இப்போது எங்கேயோ ஒரு பல்லை ஒளித்துவைத்திருந்தது. தரையில் கிடந்த ஒவ்வொரு மணியும் அவளுக்குக் காந்தமாகத் தெரிந்தது.

அக்கா மெல்லக் கேட்டாள்: "எனக்கு மாலை வேணும்னு நான் கேட்டேனாடி?"

அவள் அடுத்த நாற்காலியை நகர்த்தினாள். மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தவளிடம் சுண்டு ஓடி வந்து தூக்கச் சொன்னாள். முகம் கொடுக்காமலே கையை நீட்டினாள். பிள்ளை ஏறவில்லை. அம்மாவின் இடுப்புப் பக்கமாகக் குனிந்து, இரண்டு விரலால் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தது.

"அம்மா, வரமாட்டேங்குது."

குனிந்து பார்த்தாள். தையல் விட்ட சட்டையோரத்தைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கு. அதன் முதுகில், மிளகு அளவில், பளபளவென்று.

பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். அடி பலமாகவே விழுந்தது. கணவன் ஓடிவந்து காந்தத்தைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினான். "அப்பாடா, கிடைச்சிடுச்சு" என்று சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலைச் சாத்த மேசைமேல் எட்டியபோதே அது ஊக்கில் தாவி ஒட்டியிருக்க வேண்டும். அந்த இடுப்பில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை பிள்ளையைத் தூக்கி வந்திருந்தாள். அழாதே என்று வயிற்றோடு வயிறாக இறுக்கியிருந்தாள்.

குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். உடுத்தியிருந்ததையெல்லாம் களைந்து உதறினாள். கொக்கி, பித்தான், கொண்டை ஊசி என்று உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள். வெளியே சுண்டு கதவைத் தட்டினாள்.

"அம்மா, தூக்கு."

"வரேன்டி," என்றாள். கை மட்டும் தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.