இரண்டு வரி வரவேண்டிய இடம்

ஜோஷ்வாவுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அவனால் சும்மா விட முடியாது. ஓடாததைப் பிரித்துப் பார்த்தாலும் புண்ணியம் உண்டு, இவன் ஓடுவதைத்தான் தேடிப்பிடித்துத் திருகுவான். வீட்டு மிக்சி, மாமனார் வீட்டுத் தண்ணீர் மோட்டார், சபையின் ஒலிபெருக்கி என்று அவன் கைபட்டுப் படுத்துவிட்ட சாமான்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஆள் தங்கம். கைதான் அடங்காது.

அவன் மனைவி ஜெஸி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறவள். தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற சாலையில் கடை. பூவோ மயிலோ, அவள் கணினியில் தையல் தையலாக வரைந்துகொடுத்தால் பக்கத்திலிருக்கும் தையல் மெஷின் அதை அப்படியே துணியில் போட்டுவிடும். பதினோரு வருஷமாக அவள் கண் எரிய எரிய வரைந்த இரண்டாயிரத்துச் சொச்சம் டிசைன்களும் அந்த ஒரே கணினியில், ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் காப்பி கிடையாது. காப்பி எடுத்து வைக்கவேண்டும் என்று ஜோஷ்வாதான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எடுத்துவைக்கும் பொறுப்பும் அவனுடையதே.

அந்த எம்பிராய்டரி மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். பழைய விண்டோஸோ இணையத்தின் பக்கம் போனாலே மூச்சுவாங்கும். அதனால் கணினி ரிப்பேர் பார்க்கும் ஹுஸைஃபா போன மாதம் வந்து, உள்ளே இன்னொரு புது டிஸ்க்கை மாட்டினான்.

“இதுல விண்டோஸ் மாதிரியே லினக்ஸ்னு இன்னொண்ணைப் போட்டுருவோம் அண்ணாச்சி, இன்டர்நெட்டுக்கு அது. கம்ப்யூட்டரைப் போட்டதும் பழசு வேணுமா புதுசு வேணுமான்னு ரெண்டு வரி கேக்கும். எது வேணுமோ அதை அமுக்கிக்கிட வேண்டியதுதான். அடுத்த வாரம் வந்து போட்டுத் தாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரத்தில் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. லாட்ஜ் லாட்ஜாகக் கேமரா மாட்டும் வேலை வந்து ஹுஸைஃபா ஆளையே காணோம். உள்ளே ஒரு புது டிஸ்க் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு ஜோஷ்வாவைத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கடையைப் பூட்டிவிட்டு ஜெஸி சுரண்டைப் பக்கம் தன் பிறந்த ஊருக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை அங்கே கோயிலில் அசனம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள், அவள் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. “நாளைக்கு மதியத்துக்கு மேல வந்துருவேன். நீங்க எதையும் நோண்டாதிய” என்று சாவியைக் கொடுத்தாள். ஜோஷ்வா நல்லபிள்ளையாகத் தலையாட்டினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சாரல் பிசுபிசுக்க, நல்லபிள்ளை கடையைத் திறந்து கணினிமுன் உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரமாகவே வீடியோ பார்த்துப் பென் டிரைவில் லினக்ஸை ஏற்றித் தயார் செய்து வைத்திருந்தான். அவள் வந்து சுவிட்சைப் போட்டதும் இரண்டு வரி வந்து நிற்கவேண்டும், அவள் வாயைப் பிளக்கவேண்டும் என்பது ஆசை. பென் டிரைவைச் செருகிக் கணினியைப் போட்டான். வீடியோவில் சொன்ன மாதிரியே எல்லாம் வந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை. ‘விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வைக்கவா?’ என்று கேட்கவேண்டிய இடத்தில், ‘டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டு வைக்கவா?’ என்று கேட்டது. பட்டியலில் இருந்ததும் ஒரே டிஸ்க். புது டிஸ்க்கைத்தான் காட்டுகிறது போல, வெறும் டிஸ்க்கில் அழிக்க என்ன இருக்கிறது என்று ஜோஷ்வா தைரியமாக அமுக்கினான். எந்த டிஸ்க் என்று காட்டிக்கொடுக்கும் அளவைக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்!

இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. கணினி அணைந்து மறுபடி எழுந்தது. கறுப்புத் திரையில் பட்டியல் வந்தது. ஒரு வரி. லினக்ஸ். அதற்குக் கீழே பழைய விண்டோஸ் இருக்கவேண்டிய இடம் காலி.

ஜோஷ்வா மறுபடி அணைத்துப் போட்டான். ஒரு வரிதான். ஹுஸைஃபாவுக்குப் போன் அடித்தான்.

“போடும்போது எத்தனை டிஸ்க் காமிச்சுது அண்ணாச்சி?”

“ஒண்ணுதான்டே காமிச்சுது.”

“ரெண்டுல்லா காமிக்கணும். புதுசுல வயர் லூஸா இருந்திருக்கும். அப்ப நீங்க அழிச்சது பழசைத்தான் போலுக்கு. அல்லாவே! உடனே ஆஃப் பண்ணுங்க. இனி ஒரு சாமானையும் தொடாதிய. சாயங்காலம் நானே வந்து பிரிச்சுப் பாக்கேன். மதுரையில அழிஞ்சதை மீட்டுத் தாரவங்க இருக்காங்க. ஆனா இப்படி மேலயே எழுதிட்டா எவ்வளவு கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

ஜோஷ்வா கணினியை அணைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தொடாதே என்று சொன்னதை முழுசாகக் கேட்டான். கேட்டு என்ன பிரயோஜனம்? புதன்கிழமைக்குள் புனலூர்க் கடைக்கு ஓணத்துக்காக நாற்பது சேலைக்கு பார்டர் போட்டுக் கொடுக்கவேண்டும். அதாவது போகட்டும், கெஞ்சித் தவணை வாங்கிவிடலாம். பதினோரு வருஷத்தை எவனிடம் போய்க் கெஞ்சி வாங்குவது? கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் மவுசை நகர்த்திய காலம் கண்முன் வந்தது. மகள் ஞானஸ்நானத்துக்கு உடுத்திய கவுனில் போட்ட திராட்சைக்கொடிதான் அவள் வரைந்த முதல் டிசைன். அதுவும் இருபது நிமிஷத்தில் போயிற்று. பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். மத்தியானம் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மூன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஒரு கையில் தூக்குச்சட்டி, தோளில் கைப்பை என்று ஜெஸி சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“என்னங்க? பிள்ளைக்கு என்னமும் ஆச்சா?”

“பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஜெஸி... நீ உக்காரு.”

“நின்னுக்கிட்டே கேக்கேன். சொல்லுங்க.”

சொன்னான். பென் டிரைவில் தொடங்கி மதுரை வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். “உன் டிசைன் அவ்வளவும் போச்சுட்டி. நான்தான் அழிச்சேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் தூக்குச்சட்டியை மேசையில் வைத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பாத்தியளா?”

“இல்ல. ஹுஸைஃபா தொடாதன்னுட்டான்.”

“நல்லவேளை, அவன் சொன்னதையாவது கேட்டியளே.”

ஜெஸி கைப்பையைத் திறந்தாள். வேதாகமத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நெக்லஸ் பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தாள். அடியிலிருந்து ரவிக்கைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் கறுப்பாக, கனமாக இருந்தது.

ஜோஷ்வா அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தொடக்கூடாது என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான்.

“ஊருக்குப் போனா நகையை வீட்டுல விட்டுட்டா போவேன்? கூட எடுத்துட்டுல்லா போவேன்” என்றாள். “ஒரே ஒரு ஸ்க்ரூ, ரெண்டு வயரு. ஒவ்வொரு தடவையும் ராத்திரி தங்குத மாதிரி வெளியூர் போனா கழட்டி எடுத்துட்டுத்தான் போறேன். நீங்க அழிச்சது ஹுஸைஃபா மாட்டுன காலி டிஸ்க்கை.”

ஜோஷ்வா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “ஆண்டவரே, ஆண்டவரே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெஸிதான் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினாள். அவனைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. டார்ச் பிடிக்க மட்டும் அனுமதி கிடைத்தது. ஹுஸைஃபாவுக்குப் போன் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் லாட்ஜ்காரரே என்னவென்று எட்டிப்பார்த்தாராம். லினக்ஸுக்குள் போய், ஒரே ஒரு வரியை மாற்றி, பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையை அடிக்கச் சொன்னான். அவன் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல ஜெஸி அடித்தாள். கணினி அணைந்து எழுந்தது.

கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் நின்றன. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். ஜெஸி கீழ் வரியை அமுக்கினாள். பழைய நீலத் திரை எப்போதும்போல நிதானமாக வந்தது. எம்பிராய்டரியைத் திறந்தாள். திராட்சைக்கொடி ஒரு தையலும் குறையாமல் இருந்தது.

ஜோஷ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நேரம் மனசில் கிடந்ததைக் கேட்டான். “அது சரி, இவ்வளவு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நம்ம ரோட்டுல அவ்வளவு திருட்டுப் பயமா இருக்கு?”

“திருடன் தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போவான், இதை எதுக்கு எடுக்கான்?” ஜெஸி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “உங்களுக்குப் பயந்துதான் எடுத்துட்டுப் போறேன்.”

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இதைவிட இனிப்பான வார்த்தையை அவள் சொல்லி ஜோஷ்வா கேட்டதில்லை.