உப்பு முடிச்சும் இருபத்தொரு ஐஸ் பழமும்

றக்வானையிலிருந்து மேலே ஏறும் பஸ் பதினேழு வளைவுகளைக் கடந்துதான் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும். போன வருஷம் சிறுவர் தினத்தன்று விஜயகலா அந்தப் பஸ்ஸில் ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீமை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பதினோராவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், கண்டக்டர் இறங்கிப் பார்த்தார், பிறகு பஸ்ஸில் இருந்த எல்லோரும் இறங்கிப் பார்த்தார்கள். பார்த்தால் பஸ் கிளம்பிவிடுமா? இரண்டு மணி நேரம் கழித்து, கூடியிருந்த தாய்மார் முன்னால் அவள் டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டபோது கரண்டி முழுகிப்போனது. உள்ளே இருந்தது ரோஸ் நிறத்தில் ஒரு கஞ்சி. அதை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள், பிள்ளைகளும் குடித்தார்கள்.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை மடுவத்துக்கு விஜயகலாதான் பொறுப்பு. ஒன்பது வருஷமாக அவள் 'டீச்சர்'. அன்றைக்குக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து நின்ற கலைச்செல்வி, டம்ளரை எட்டிப் பார்த்து, "கஞ்சி டீச்சர்" என்றாள். கலைச்செல்வியின் நாக்கு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி மாதிரி, பட்ட இடம் துண்டாகிவிடும். சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் தொழிலாளர் குடியிருந்த மூன்று லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? விஜயகலா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அழுததை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் அவள் பஸ்ஸை நம்பவில்லை. மடுவத்துக்குச் சித்திரையில் ஒரு பிரிட்ஜ் வந்திருந்தது. குச்சி வைத்த ஐஸ் பழத்தைத் தானே செய்துவிடுவதென்று முடிவெடுத்தாள். வெறும் பழச்சாற்றை உறைய வைத்தால் அது கல்லாகிப்போகிறது, பிள்ளைகளின் பல் இறங்காது. கதலி வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் மெத்தென்று வருகிறது. நாக்குக்குச் சரியாக இருக்கிற இனிப்பு உறைந்த பிறகு காணாமல் போய்விடுகிறது, ஆகையால் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். இதையெல்லாம் ஒரு வாரம் இரண்டு இரண்டாகச் செய்து பார்த்தே தெரிந்துகொண்டாள். கடைசியில் பப்பாசியும் வாழைப்பழமும் மசித்து, அன்னாசிச் சாறு விட்டு, பெஷன் புரூட்டை விதையோடு கலந்தாள். கலர் ஒரு சொட்டும் இல்லை. பழைய யோகட் கப்புகளில் ஊற்றி, சீவி அவித்த மூங்கில் குச்சியைச் செருகி, சிறுவர் தினத்துக்கு முதல் நாள் காலையில் இருபத்தொன்றையும் பிரிட்ஜில் அடுக்கினாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது கலைச்செல்வியின் மகள் ஹம்சினி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். நாலு வயசுதான், ஆனால் தாயின் நாக்கு அப்படியே இறங்கியிருந்தது.

"டீச்சர், நாளைக்கும் டம்ளரா?"

"இல்லடி. கையில புடிச்சுக் கடிச்சுத் திங்கிறது."

பிள்ளை நம்பினாளா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. தாயிடம் சொல்கிறேன் என்று ஓடினாள்.

அன்று இரவு பெரிய காற்று மழை. றோட்டோரத்து அல்பீசியா மரம் ஒன்று கரண்ட் கம்பியின் மேல் சாய்ந்தது. விடியற்காலையில் விஜயகலா மடுவத்தைத் திறந்து, இருட்டாய் இருந்த பிரிட்ஜுக்குள் கையை விட்டாள். குச்சிகள் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, கப்பில் சாறு தளும்பியது. றக்வானை கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு சிங்களத்தில் கெஞ்சினாள். மரம் வெட்டி முடிய 'ஹவஸ' ஆகும் என்றார்கள். சாயங்காலம். தாய்மார் கொழுந்து நிறுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்பார்கள். பட்ட காலிலே படும் என்பார்களே, அது அவள் கால்தான் போலிருக்கிறது.

உட்கார்ந்து அழ நேரமில்லை, பிள்ளைகள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒன்பதரை மணிக்கு மீன்கார நிஸாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வாரத்தில் இரண்டு நாள் அவர் டவுனிலிருந்து மீன் கொண்டுவருவார். விஜயகலா வாசலுக்கு ஓடி, பின்னால் கட்டியிருந்த, ஐஸ் உருகாமல் காக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் காரியம் என்றதும் நிஸார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

"மேல் பெட்டியில மீன் படாத ஐஸ் ஈக்கிது டீச்சர். அத எடுங்க. ஆனா இது குளிரும், ஒறையாது. அத இப்பவே சொல்லிப்போட்டன்."

அவர் சொன்னபடிதான் நடந்தது. பெரிய அலுமினியத் தாச்சியில் ஐஸைக் கொட்டி, கப்புகளை நட்டு வைத்தார்கள். மடுவத்தில் உதவிக்கு இருக்கும் சின்னம்மா, ஒரு கப் சிந்திப்போனதால் அதில் மிஞ்சியதை ஹம்சினியின் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அதையும் ஓரத்தில் வைத்தாள். அரை மணி நேரம் போனது. சாறு நன்றாகக் குளிர்ந்தது. குளிர்ந்த சாறுதான். குடிக்கலாம், டம்ளரில் ஊற்றி.

அந்த நேரம் பின்பக்கத்துப் புல்லில் விளையாடிய ஹம்சினி, குதிகாலில் ஓர் அட்டையோடு அலறிக்கொண்டு வந்தாள். சின்னம்மா கொழுந்து பறிப்பை விட்டு ஆறு வருஷமாகிறது. ஆனாலும் இடுப்பில் உப்பு முடிச்சு இல்லாமல் அவள் லயத்தை விட்டு இறங்கமாட்டாள். இந்தப் பக்கத்து மலையில் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அட்டை ஏறினால் ஒரு துளி உப்பு, அது சுருண்டு விழும். சின்னம்மா தாச்சிக்குப் பக்கத்திலேயே பிள்ளையை உட்காரவைத்து முடிச்சை அவிழ்த்தாள். அட்டை விழுந்தது. பிள்ளை காலை உதறிய உதறலில் முடிச்சும் பறந்து, உப்பு முழுவதும் ஐஸில் கொட்டியது.

"போச்சு," என்றார் நிஸார். "உப்புப் பட்டா ஐஸ் கரைஞ்சிரும்."

சின்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். விஜயகலா உப்புப் பட்ட ஐஸையாவது அள்ளி வெளியே போடலாம் என்று கையை விட்டாள், விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள். விரல் நுனி சுட்டது. ஐஸ் கரைந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அந்தத் தண்ணீர் ஐஸை விடக் குளிர்ந்து கிடந்தது. ஓரத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். அதன் வெளிப்புறம் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. பத்து நிமிஷம் பொறுத்து உள்ளே விரலை விட்டாள். சுவரைச் சுற்றி, நகம் இறங்காத கெட்டியாய் ஒரு வளையம்.

அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரியில்லை. கண்ணால் பார்த்ததை நம்பும் புத்தி மட்டும் இருந்தது. பிளாஸ்டிக் கப்பில் ஒன்றும் ஆகவில்லை, எவர்சில்வரில் ஆகிறது. வெறும் ஐஸில் ஆகவில்லை, உப்பில் ஆகிறது. பிள்ளைகள் பால் குடிக்கும் டம்ளர்கள் இருபத்தொன்றும் அலமாரியில் இருந்தன. உப்புத்தான் இல்லை. குசினியில் அரைப் பக்கட், அவ்வளவே. தோட்டத்துக் கடைக்காரர் சாமான் எடுக்கப் பலாங்கொடைக்குப் போயிருந்தார்.

மணி பத்தே முக்கால். விஜயகலா அந்த ஒரு டம்ளரை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெண்கள் பறித்துக்கொண்டிருந்த ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினாள்.

மழை பெய்து விட்ட மறுநாள். அட்டைகள் ஒவ்வொரு புல்லிலும் எழுந்து நின்று ஆள் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த நாளில் ஒருத்தியிடம் உப்பைக் கேட்பது, மழையில் குடையைக் கேட்பதற்குச் சமம். கேட்பவளுக்கும் அது தெரியும். தேயிலை நிரைகளில் பத்தொன்பது பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கஞ்சி டீச்சர் மலைக்கே வந்துட்டாங்க," என்றாள் கலைச்செல்வி. சிரிப்பு நிரை நிரையாய் இறங்கிப் போனது.

விஜயகலாவுக்கு முகம் எரிந்தது. போன வருஷம் என்றால் திரும்பி இறங்கியிருப்பாள். இன்று கரண்ட் போனதையும் உப்புக் கொட்டியதையும் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்து, கேட்டுவிட்டாள்.

"ஒங்க உப்பு முடிச்சு வேணும். எல்லாருடையதும். பன்னெண்டு மணி வரைக்கும் அட்ட கடிக்கும், தெரிஞ்சுதான் கேக்குறேன்."

உப்புப் போட்டால் ஐஸ் கரையும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கே தெரியும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். விஜயகலா துணியைப் பிரித்து, டம்ளரைக் கலைச்செல்வியின் கையில் வைத்தாள். அடியில் நகப் பாலிஷால் எழுதிய பெயர் இருந்தது, ஹம்சினி. கொழுந்துப் பால் பட்டுக் கறுத்த விரலைக் கலைச்செல்வி உள்ளே விட்டாள். சுரண்டினாள். அழுத்திப் பார்த்தாள். வளையம் அசையவில்லை.

டம்ளரை விஜயகலாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ராத்திரி முழுக்க எம் மக நச்சரிச்சுச்சு," என்றாள். "டம்ளரா, கையிலயான்னு. எனக்குச் சொல்லத் தெரியல." இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விலக்கி உப்பு முடிச்சை அவிழ்த்து விஜயகலாவின் முந்தானையில் போட்டாள். பிறகு நிரையைப் பார்த்துத் திரும்பினாள். "என்னா பாத்துகிட்டு நிக்கிறீங்க? அட்ட நம்மள இன்னைக்குத்தான் கடிக்கப் போகுதா? அவுத்துக் குடுங்க."

பத்தொன்பது முடிச்சும் வந்து விழுந்தன. மேற்பார்த்து நின்ற கங்காணி மூக்கையா இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்பதைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு, "ஹரி ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டு, "கை நிக்காமப் பறிங்க" என்றார். விழுந்த முடிச்சுகளில் இருபதாவதாக ஒரு பீடிக்கட்டு உறையும் இருந்தது. அதிலும் உப்புத்தான்.

விஜயகலா அந்தச் சரிவில் ஓடியதைப் பார்த்தவர்கள், அவளுக்கு முப்பத்தெட்டு வயசு என்று நம்பமாட்டார்கள். டம்ளர்களில் சாறு ஊற்றி, உப்பு உள்ளே போகாதபடி வாயை வாழையிலையால் மூடி ரப்பர் வளையம் போட்டு, இலையைக் கீறிக் குச்சியைச் செருகினார்கள். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு உப்பு, டம்ளர், மறுபடியும் ஐஸ். மேலே ஈரச்சாக்கு. நிஸார் மிச்ச ஐஸைச் சாக்கில் கட்டிக் கல்லால் நொறுக்கிக் கொடுத்தார். மேல் லயத்திலிருந்து மீன் எங்கே என்று போன் வந்துகொண்டே இருந்தது. மீன் செத்துத்தானே கிடக்கிறது, எங்கே ஓடப்போகிறது என்று அவர் பதில் சொன்னார். சின்னம்மா தாச்சியை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருந்தாள். திறந்து பார்க்க விஜயகலாவின் கை துடித்தது. பார்த்தால் குளிர் போகும் என்று கையைத் தன் முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குத் தாய்மார் வந்தார்கள். கொழுந்து நிறுத்த கையோடு, கூடையைக்கூட இறக்காமல் வந்தார்கள். ஒருத்தியின் கணுக்கால்கூடத் தப்பவில்லை, எல்லாவற்றிலும் ரத்தம் கோடு கோடாய் இறங்கியிருந்தது. அவர்கள் தாச்சியைச் சுற்றி நின்றார்கள். அந்த உப்புக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அவர்களுக்கு உரிமை இருந்தது.

விஜயகலா சாக்கை விலக்கி ஹம்சினியின் டம்ளரை எடுத்தாள். வெளியே ஒட்டிய உப்பைக் கழுவி, இலையைப் பிரித்து, ஒரு கணம் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். பிறகு, போன வருஷம் கரண்டி முழுகியதைப் பார்த்த அத்தனை கண்களுக்கும் முன்னால், டம்ளரைத் தலைகீழாய்க் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. குச்சியைப் பிடித்து இழுத்தாள். பொன் நிறத்தில், கறுப்பு விதைகளோடு, டம்ளரின் வடிவம் அப்படியே, ஐஸ் பழம் வெளியே வந்தது.

சின்னம்மா வாய்விட்டு அழுதாள். நிஸார் கை தட்டத் தொடங்கியதும் எல்லோரும் தட்டினார்கள். இருபத்தொன்றும் ஒன்று தவறாமல் வந்தன. பிள்ளைகளின் முழங்கை வரை பழம் ஒழுகியது, மடுவத்தில் ஒரு பேச்சு இல்லை, கடிக்கும் சத்தம் மட்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிவைத்தவர்கள் இப்படி ஓர் உப்பை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். விஜயகலா சந்தோஷத்தில் நின்றாள். மறைக்க வேண்டிய சந்தோஷமா அது? பல் எல்லாம் தெரியச் சிரித்தாள்.

ஹம்சினி தன் பழத்தை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு திருப்பிப் பிடித்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தாயிடம் போனாள்.

"அம்மா, இதக் குடிக்க முடியல."

கலைச்செல்வி ரத்தம் காயாத காலோடு குனிந்து, மகள் நீட்டியதில் ஒரு கடி கடித்தாள். பல் கூசியது. கண்ணை இறுக்க மூடி, மென்று, விழுங்கினாள். பெண்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாயிலிருந்து வருவதுதான் சாயங்காலம் மூன்று லயத்துக்கும் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"டீச்சர்," என்றாள் கலைச்செல்வி. முன்னால் ஒரு சொல்லும் ஒட்டவில்லை. "அடுத்த வருசம் உப்பு நாங்களே மூட்டையாக் கொண்டாறோம். பெரியவங்களுக்கும் சேத்துப் போடுங்க."