சொந்தக்காரர் அல்லாத முதல் ஆள்

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் வேலையை இனி சொந்தமாகச் செய்வது என்று முடிவெடுத்து, சர்வீஸ் சென்டரில் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கே எனக்கும் தம்பிக்கும் சண்டை. இணையத்தில் எந்தத் தளத்தில் கடை விரிப்பது என்பதுதான் விவகாரம்.

அவன் விளம்பரக் கம்பெனியில் படம் போடுகிறவன். அவன் தேடிப்பிடித்த தளத்தில் எல்லாம் பளபளப்பு. திறந்ததும் துணி சுழலும், நுரை பொங்கும், பாதித் திரைக்கு என் முகம் இளிக்கும். எழுதுவதற்கு மட்டும் மூலையில் சின்னப் பெட்டி. நான் பார்த்துவைத்ததோ வெறும் வெள்ளைப் பக்கம். ஆனால் வேண்டுமளவு எழுதலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியிலேயே முன்பணம் கட்டி என்னைக் கூப்பிட ஒரு பட்டன் வைக்கலாம்.

"இவ்ளோ நீளமா யாரு படிப்பா, அக்கா?"

"மெஷின் மக்கர் பண்றவங்க படிப்பாங்கடா."

"எல்லாத்தையும் நீயே சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் உன்னை எதுக்குக் கூப்பிடணும்?"

இரண்டுக்குமே இலவசச் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஒன்றுக்குத்தான் சந்தா கட்ட முடியும். வெளியாள் ஒருவர் எதில் பணம் கட்டிக் கூப்பிடுகிறாரோ, அதற்கே என்று முடிவானது. எதிலுமே யாரும் வராவிட்டால் சர்வீஸ் சென்டருக்கே திரும்ப வேண்டியதுதான். அந்த மேனேஜர் முன்னால் போய்க் கைகட்டி நிற்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பியின் தளத்தைத் திறந்த அன்று என்னைக் கூப்பிடும் பதிவுகள் மளமளவென்று வந்து விழுந்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் வயிற்றெரிச்சலோடு ஒவ்வொன்றாகத் திறந்தேன். பெரிய அத்தை. சித்தப்பாவின் சம்பந்தி. மாமாவின் மச்சினன். எல்லாரும் ஒரே பல்லவி: நம்ம பொண்ணுதானே, சும்மா ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போ. பெரிய அத்தையிடம் மெஷினே கிடையாது. ஆசீர்வாதத்துக்காகப் பட்டனை அழுத்தினாராம்.

என் தளத்தில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் விடவில்லை. மெஷின் சுற்றும்போது ஏன் இடம்விட்டு நகர்கிறது, கால்களை எப்படிச் சமப்படுத்துவது, அப்படியும் நகர்ந்தால் கோளாறு எங்கே என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தளத்தில் ஒரு பதிவு வந்தது. உடனே அதிலிருந்த எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண்மணி எடுத்தார்.

"நீங்க யார் வழியில சொந்தம்?" என்றேன் எடுத்த எடுப்பில்.

"என்னங்க?"

"அத்தை சொன்னாங்களா, சித்தப்பாவா? மறைக்காம சொல்லுங்க."

"யாரும் சொல்லலைங்க. எங்க மெஷின் குளியலறை வாசல் வரைக்கும் நடந்து வருது. தேடினப்ப உங்க கட்டுரை கெடச்சுது. நீங்க சொன்ன மாதிரியே காலெல்லாம் சமம் பண்ணிட்டேன். இன்னும் நடக்குது. அப்படின்னா உள்ள ஸ்பிரிங் போயிருக்கும்னு எழுதியிருந்தீங்களே. பட்டன் அங்கேயே இருந்துச்சு, பணம் கட்டிட்டேன். வரலையா?"

வந்திருந்தது. முழு முன்பணமும். இன்றைக்கே வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"டேய்! வெளியாள்டா!" என்று நான் போட்ட கூச்சலில் தம்பி ஓடிவந்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உட்கார்ந்து வெள்ளைப் பக்கத்துக்குச் சந்தா கட்ட ஆரம்பித்தான். நான் வெட்கமே இல்லாமல் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கருவிப்பையைத் தோளில் மாட்டினேன். என்னை முன்பின் பார்த்திராத ஒருவர், நான் எழுதியதை மட்டும் நம்பி, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.